நாலு தடவை திரும்பி வந்த பல்

செய்யாத தப்புக்கு ஆறு வருஷம் மாவு கரைத்தவன் நான். பல் செட் செய்யும் பட்டறையில் அச்சு வார்க்க மாவு கரைப்பது புதிதாகச் சேருகிறவன் வேலை. மெருகு மேஜையில் இருந்த என்னை அங்கே இறக்கியது ஒரு கடைவாய்ப்பல். அதைச் செய்தவன் பக்கத்து மேஜைக்காரன். மெழுகில் பல் வடிக்கிறவன், அதனால் அவனுக்கு மெழுகு என்றே பெயர்.

எங்களிடம் ஆள் வருவதில்லை. வாயின் மாவு அச்சுதான் வரும், எண்ணும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் எழுதிய சீட்டோடு. அப்படி வந்த ஒரு கீழ்த்தாடையைத்தான் மெழுகு காதலித்தான். நாற்பத்தொரு வயதுப் பெண். முகம் தெரியாது, பெயர் தெரியாது.

"முன்பல்லு ஓரம் தேஞ்சிருக்கு பாரு மச்சான். நூல் கடிக்கிறவ, தையல்காரி. கடைவாய் மழுங்கியிருக்கு. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறா. பக்கத்துல ஆள் இருந்தா தட்டி எழுப்பியிருப்பான்ல?"

இவனைத் தட்டி எழுப்பவும் ஆள் இல்லை. ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எவன் கொடுப்பான்?

அவளுக்கான பல்லை வேண்டுமென்றே மயிரிழை உயரமாக வைத்தான். உயரமாக இருந்தால் மெல்ல முடியாது. டாக்டர் புது அச்சு எடுத்துப் பல்லோடு திருப்பி அனுப்புவார். அனுப்பினார். புது அச்சு வந்த அன்றைக்கு மெழுகு தலை சீவிக்கொண்டான். நாலு தடவை இப்படி. அதற்கப்புறம் அச்சு வரவில்லை, அந்தப் பெண் வேறு டாக்டரிடம் போய்விட்டதாகக் கடிதம்தான் வந்தது. கடைசியாகக் கைவைத்தது மெருகு மேஜை என்று முதலாளி என்னைப் பிடித்தார். மெழுகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதக் கடைசியில் பழைய அச்சுகளைச் சுத்தியலால் உடைப்பது பட்டறை வழக்கம். அவளுடைய கடைசி அச்சைக் காணோம். முதலாளி தேடிப் பிடித்தது இவன் சாப்பாட்டு டப்பாவில். பட்டறையே சிரித்தது. பெண்டாட்டிக்குப் பசிக்குதாடா என்று கேட்டு, சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்தார்.

மெழுகு சுத்தியலை மேஜையில் வைத்தான். "நீங்களே உடைங்க. நாளையிலேருந்து பல்லு செய்ய வேற கையைத் தேடிக்குங்க."

அந்தக் கை மாதிரி இன்னொன்று கிடைக்காது. முதலாளி டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார். ஒரு மாவுக்கட்டிக்காக வாயைத் திறந்தவன் எனக்காகத் திறக்கவில்லை. அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஆனாலும் அவனைப் பைத்தியம் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அவள் தெருவைத் தேடிப் போனானா? வாசலில் நின்றானா? சோறு மெல்ல முடியாமல் அவளை அலையவிட்டது பாவம்தான், அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். மற்றபடி பதினோரு வருஷம் அலமாரியில் வைத்து தினமும் தூசி தட்டினான். கட்டின பெண்டாட்டியை அப்படிப் பார்த்துக்கொண்ட ஒருத்தனைக் காட்டுங்கள், பேசலாம்.

அவன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். நர்ஸ் என்ன உறவு என்று கேட்டாள். மச்சான் என்றேன். அச்செடுக்கும் பசையும் தட்டும் கொண்டுவரச் சொன்னான். மறுநாள் கொண்டுபோய் அவன் மேல்வாயை அச்செடுத்தேன். ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அவ கீழ்த்தாடை மேல என்னுதை வச்சுப் பாரு மச்சான். கடி சேரலைன்னா சேரலை. ரெண்டுல எதையும் அரம் போட்டுத் தேய்க்காதே."