தலைக்குக் குளித்த நாள் முதல்

"நாள் கணக்குல என்னை எவளும் அசைக்க முடியாது. தப்புச்சுன்னா, இந்த அரிவாள்மனைய சாய்ச்சு வெச்சிட்டு எழுந்து போய்கினே இருப்பேன்."

தாம்பரம் மீன் மார்க்கெட்டில், ஒரு வஞ்சிரத்தின் தலை துண்டாகி விழுந்த நொடியில் துர்கா அம்மையார் வெளியிட்ட பிரகடனம் இது. சரியாகத்தான் எண்ணுகிறாயா என்று கேட்ட பக்கத்துக் கடை ஷீலா, அந்தத் தலையைப் பார்த்துவிட்டுத் தன் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணமாகி நான்கு வருடம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தைக்குள் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் ரேணுகாம்பாள் கெடு வைத்துவிட்டாள். பதினாலாம் நாள் சேர்ந்தால் பிள்ளை நிற்கும் என்று துர்கா எங்கோ கேட்டிருந்தாள். ஆகவே மாதந்தோறும் பதினாலாம் நாள் போர் மூண்டது. ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் அருண்ராஜை, குரோம்பேட்டை சிக்னலில் சவாரிகள் பார்த்திருக்கக் காலரைப் பிடித்து இறக்கி வீட்டுக்கு இழுத்துப் போவாள். ஒருமுறை அவன் முரண்டு பிடித்ததில் ஆட்டோ கண்ணாடி வீரமரணம் எய்தியது.

ஐப்பசியிலும் தூரமானாள். மலட்டு மாடு என்றாள் மாமியார். துர்கா குழம்புச் சட்டியை வீசினாள். மாமியார் தரப்பில் இரண்டு பற்கள் சேதம். பதிலுக்குப் பறந்து வந்த எவர்சில்வர் தட்டு துர்காவின் புருவத்தைப் பிளந்தது.

தையல் போட்ட நர்ஸ் மெட்டில்டா, ஊசியை இழுத்தபடியே சண்டைக்குக் காரணம் கேட்டாள். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை டாணென்று வருவதாகவும், பதினாலாம் நாளைத் தான் விட்டதே இல்லை என்றும் துர்கா சொன்னாள்.

"எந்த நாள்லேர்ந்து எண்ணுறே?"

"இன்னாக்கா கேக்குற? அஞ்சாம் நாள் தலைக்கு ஊத்திக்கினதுலேர்ந்துதான். தீட்டு நாளை எவ கணக்குல சேப்பா?"

மெட்டில்டா நூலை அறுத்தாள். உதிரம் கண்ட நாள்தான் ஒன்று என்றாள். அதிலிருந்து பதினாலாம் நாள் வாக்கில் வெளியே வரும் கருமுட்டை ஒரு நாள்தான் தாங்கும். ஆணின் உயிரணுவோ உள்ளே மூன்று முதல் ஐந்து நாள் காத்துக் கிடக்கும். ஆகவே முந்திக்கொள்வதே புத்தி.

"நீ போய்ச் சேர்றது பதினெட்டாம் நாள். நாலு நாள் ஐஸ் இல்லாம கிடந்த மீனை நீ வாங்குவியா?"

துர்கா எட்டி நர்ஸின் காலரைப் பிடித்தாள். பிடித்த கை, விரல்விட்டு எண்ண வேண்டியிருந்ததால், தானே விட்டுவிட்டது.

உதிரம் கண்ட நாளை ஒன்றாக வைத்துப் பதினோராம் நாள். வியாபாரம் சூடு பிடித்த நேரம். பாதி அறுத்த சங்கரா மீனை ஷீலாவிடம் தள்ளிவிட்டு, துர்கா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். ஆட்டோ ஸ்டாண்டில் அருண்ராஜ் அவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் காலரைப் பொத்திக்கொண்டான். அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நாள் இல்லியே?" என்றான்.

"வண்டிய எடு" என்றாள், மெதுவாக.