குனிந்து செருப்பு மாட்ட முடிந்ததா?

கச்சான் காற்று மணலை முகத்தில் வாரி இறைத்துக்கொண்டிருந்த காலை. கோல்ஃப் மட்டையை ஓங்கி நின்றபோது சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எஸ்தரின் மகள். "அங்கிள், அம்மா காலையில எந்திரிக்கல." தினமும் என் வாசலுக்கு வரும் எஸ்தர் அன்று ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

உங்களில் பலருக்கு அவர் ஆய்வகத்து எஸ்தர். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ரசாயன ஆலையில் மாதிரி எடுத்துச் சோதிப்பது அவர் வேலை. நான் பராமரிப்புப் பொறியாளன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் இருவரும் ஒரே வாரத்தில் மட்டை பிடித்தோம். புல்வெளியைக் கற்பனை செய்ய வேண்டாம். எண்ணெய் தெளித்து இறுக்கிய மணல், சுற்றிலும் உடைமரம்.

அடுத்த வருடம் எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை. விளையாடலாம், வெடுக்கென்று திரும்பக் கூடாது, இன்னொரு முறை பிசகினால் நடப்பதே சிரமம் என்றார் மருத்துவர். சும்மா இருந்தேனா? மட்டை வீச ஏற்ற முறையைத் தேடிக் கிளம்பினேன். மாதம் ஒருமுறை வரும் பயிற்சியாளர் இடுப்பை முதலில் திருப்பச் சொன்னார். யூடியூபில் ஒருவர் இடுப்பை அசைக்கவே கூடாது, கைதான் எல்லாம் என்றார். ஒரு பழைய புத்தகமோ இடது குதிகாலைத் தூக்கி உடம்பு முழுவதையும் ஒன்றாக, மெதுவாகத் திருப்பச் சொன்னது. நான் பெரிய புத்திசாலி அல்லவா, மூன்றையும் கலந்தேன். ஒன்பதாம் நாள் குளியலறையில் குனிந்தவன் நிமிரவில்லை.

என் மனைவி மட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டாள். பார்க்க வந்த எஸ்தர் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு ஆறுதலா சொன்னார்? "முருகேசு, பிளான்ட்ல கோளாறுன்னா ஒரே நேரத்துல மூணு வால்வைத் திருப்புவீரா?"

"மாட்டேன்."

"அப்ப உம்ம முதுகு மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

வாழ்நாள் முழுக்க இளைஞர்களுக்கு நான் ஓதிய விதி அது. வெட்கமாக இருந்தது.

உடம்பு தேறியதும், ஆலை விதிப்படியே தொடங்கினோம். ஒவ்வொரு வீச்சு முறைக்கும் மூன்று வாரம், பாதி வேகம், இடையில் இன்னொன்றைத் தொடக் கூடாது. பந்து போன தூரத்தை அவர் கேட்கவே மாட்டார். தினமும் காலையில் என் வாசலில் நின்று, பக்கிள் வைத்த என் தோல்செருப்பைக் காட்டி ஒரே கேள்வி: "குனிஞ்சு செருப்பு மாட்ட முடிஞ்சுதா?"

பயிற்சியாளர் முறையில் பந்து பறந்தது. நாலாம் நாள் குனிய முடியவில்லை, அத்தோடு விட்டோம். கை முறையில் தோள் மரத்துப்போனது. குதிகால் முறையில் பந்து பாதி வழியிலேயே விழுந்தது, செருப்பு மட்டும் தினமும் ஏறியது. "அண்ணாச்சி பந்து கோழி பறக்குத தூரம்லா போகுது" என்று கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இடுப்பு முறையில் நாலு பந்து அடித்தேன்.

மறுநாள் எஸ்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "ரப்பர் செருப்புல நிக்கீரு. பக்கிள் மாட்ட முடியலையோ?"

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பந்து எங்க போகுதுன்னு அவிய பாக்கட்டும். நாளைக்கு நீரு எந்திரிச்சு வாரீரான்னு நான் பாக்கேன்."

அன்றிலிருந்து குதிகால் முறைதான். நாலு வருடமாயிற்று.

எஸ்தரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். என் முதுகுக் கதை தெரிந்த ஒருவர் மண்ணை அள்ளி என் கையில் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். குனிந்து, நானே அள்ளி, எஸ்தருக்குப் போட்டேன். முதுகு வலிக்கவில்லை. அழுகைதான் நிற்கவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விதான். வேறு முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இனி எனக்கு வேண்டாம். மூன்றாம் நாள் மட்டையை எடுத்தேன். வாசலில் யாரும் இல்லை. குனிந்தேன், பக்கிளை மாட்டினேன். "முடிஞ்சுது எஸ்தர்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மைதானத்துக்கு நடந்தேன்.