வெயிலில் காய்ந்த ராணி கலர்

பத்தாவது வரை படித்தவள் நான். கடிதம் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை, நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அப்படிப்பட்டவள் கட்டுரை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் சோலார் தகடு பொருத்த வந்தவர்களில் ஒருவர், "வெயிலு ஓசிதானேம்மா, இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்போதிலிருந்து ஈரப் பட்டு நூலின் வாசனை, சோப்பும் சோடாவும் ஏதோ புளிப்பும் கலந்த அந்த வாசனை, என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆரணியில் என் அப்பா சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. கொதிக்கும் தொட்டியில் சாயம் ஏற்றிய நூலைச் "சிட்டம்" சிட்டமாக, அதாவது கற்றை கற்றையாக, மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். பட்டு நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை. மழை மாதங்களில் நிழலில் நூல் உலராது என்பதால், கழிகளுக்குக் கீழே இரும்புச் சட்டிகளில் கரிநெருப்புப் போட்டு வைப்பார்கள். அந்த நெருப்பைத் தணித்தும் கிளறியும் சிட்டங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டும் இருப்பது சலோமி அக்காவின் வேலை.

சலோமி அக்கா தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய மகள் என்னைவிட ஒரு வகுப்பு கீழே படித்தாள். ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிந்ததும் என் புத்தகங்கள் அவளுக்குப் போய்விடும். "அட்டைய கிழிச்சிடாத பாப்பா, எம்பொண்ணு வெயிட் பண்ணிகினு கீறா" என்று அக்கா வருடம் முழுக்க என்னை மிரட்டுவார்.

நான் எட்டாவது படித்த வருடம், கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, அறிவியல் டீச்சர் எரிபொருள் பாடம் நடத்தினார். நிலக்கரியும் பெட்ரோலும் மண்ணுக்கடியில் லட்சக்கணக்கான வருடம் புதைந்து கிடந்து உண்டானவை, எரித்தால் தீர்ந்துபோகும், திரும்ப வராது என்றும், வெயிலும் காற்றும் எவ்வளவு எடுத்தாலும் தீராதவை என்றும் சொன்னார். எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கரி எரிந்துகொண்டிருந்தது. அது மரத்தைச் சுட்டு எடுத்த கரி, மண்ணுக்கடியில் வெட்டி எடுத்தது அல்ல என்று பிரித்துப் பார்க்கக்கூட எனக்குத் தெரியவில்லை. "உங்க வீட்டுல எரிபொருளை மிச்சம் பண்ண ஒரு வழி செஞ்சு பாருங்க, நாளைக்கு யாரு எழுந்து சொல்றீங்கன்னு பாக்கறேன்" என்றார் டீச்சர். அதுவரை எந்த வகுப்பிலும் நானாக எழுந்து நின்றதில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா ஊரில் இல்லை, அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சலோமி அக்கா ஈரக்கரியின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கரி தீந்துடுமாம் அக்கா. டீச்சர் சொன்னாங்க."

"அது தீர்றதுக்கு முன்ன என் கண்ணு தீந்துடும் பாப்பா. ஒரே பேஜாரா கீது" என்று சிரித்தவர், குடங்களை எடுத்துக்கொண்டார். "தெருக் கொழாயில தண்ணி வந்துடுச்சாம். ஜல்தியா புடிச்சிகினு வந்துடறேன், அதுவரைக்கும் நெருப்பப் பாத்துக்கோ."

பத்து நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் சுள்ளென்று அடித்தது. தீராத வெயில் கொல்லை முழுக்க வீணாகக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். சட்டிகளில் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தேன். ஒரு கல்யாண ஆர்டருக்காக "ராணி கலர்" ஏற்றியிருந்த சிட்டங்களை, அந்தப் பளீரென்ற ரோஜா நிறத்தை, கழி கழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் கொடியில் போட்டேன். அக்கா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று ஓடிவிட்டேன்.

குழாயில் அன்று நல்ல கூட்டமாம். அக்கா திரும்பி வந்து நூலை உள்ளே எடுத்தபோது வெயில் தன் வேலையை முடித்திருந்தது. சாயங்காலம் நான் வந்தபோது அப்பா ஒரு சிட்டத்தைக் கையில் விரித்து வைத்திருந்தார். வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மறுபக்கம் அடர்ந்து, திட்டுத் திட்டாக இருந்தது. மறுபடி சாயம் ஏற்றினாலும் அதே நிறம் அமையாது.

"வேலைக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது? பட்டு நூல வெயில்ல போடுவாங்களா?"

"நான் போடலீங்க முதலாளி. ஆண்டவர் மேல சத்தியமா போடல. பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் தண்ணிக்குப் போனேன்." அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "சொல்லும்மா. யாரு போட்டாங்கன்னு பாத்தியா?"

கூச்ச சுபாவம் என்றுதான் என்னை எல்லோரும் சொல்வார்கள். அன்று அந்தக் கூச்சத்துக்குள் ஒளிந்துகொண்டேன். தரையைப் பார்த்தபடி, "நான் சாப்பிட்டவுடனே போயிட்டேன். எனக்குத் தெரியாது" என்றேன்.

அக்கா தெரிந்துகொண்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "நாளையிலருந்து வர வேணாம்" என்றார் அப்பா. அக்கா தூக்குச்சட்டியைக் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வருடம் என் அறிவியல் புத்தகத்தை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அட்டை கிழியாமல் பரண்மேல் கிடந்து, பிறகு பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அப்பா காலமாகும்வரை சலோமிதான் போட்டாள் என்றே நம்பியிருந்தார். நம்பட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கல்யாணமான பிறகு ஒருமுறை தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்பதற்குள் இறங்கிவிட்டேன். இப்போது பட்டறை இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகளை நிறுத்துகிறார்கள். கழிகள் இல்லை, கரிச்சட்டிகள் இல்லை, சலோமி அக்கா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடியில் மட்டும் தகடுகள் வெயிலில் பளபளக்கின்றன. துணி காயப்போடப் போனால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அக்கா போன மறுநாள், எரிபொருளை மிச்சம் பண்ணியது யார் என்று வகுப்பில் டீச்சர் கேட்டார். நான் எழுந்து நின்று, கரிநெருப்பை அணைத்துவிட்டு நூலை வெயிலில் காயப்போட்டேன் என்று சொன்னேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.