தலைவர் கொடுத்த கை

“...அதுக்கப்புறம் தலைவரு புடிச்ச அந்தக் கைய மூணு நாளு கழுவவே இல்லன்னு சொல்லுவாரு பாரு, அதுதான் எனக்குத் தாங்காது. மூணு நாளும் எந்தக் கையால சாப்பிட்டாராம்? கேட்டுச் சொல்லு” என்று எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் பெரியம்மா. அம்மா சிரித்த சிரிப்பில், உள்ளங்கையில் தட்டி வைத்திருந்த வடை இரண்டாகக் கிழிந்துபோனது.

பெரியப்பா கூடத்தில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அன்று சாயங்காலம் அவருக்கு அவ்வளவு பரபரப்பு.

அந்தத் தலைவர் நான் பிறப்பதற்கு முன்பே காலமானவர். ரப்பர் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்து, தொழிலாளிகளுக்காகப் பேசிப் பேசியே மந்திரியானவர். அவர் வாழ்க்கையை நாடகமாக எடுத்து டிவியில் போட ஆரம்பித்ததிலிருந்து, பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் ஃப்ளாட்டில் ஏழரை மணிக்கு மேல் லிஃப்டுக்கு வேலையே இருக்காது. தலைவருடைய அம்மா செத்துப்போன அன்று, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்றாம் மாடி அக்கா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். தலைவரைக் கைது செய்த இன்ஸ்பெக்டராக நடித்தவரைக் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த பாய் தினமும் பெயர் சொல்லித் திட்டினார். “அவன் மட்டும் நம்ம கடைக்கு வரட்டும் லா, குழம்பு ஊத்த மாட்டேன், வெறுஞ்சோறுதான்” என்பார்.

எல்லாரும் பெரியப்பா வீட்டில்தான் கூடினார்கள். டிவி பெரியது என்பது ஒரு காரணம். தலைவரை நேரில் பார்த்த ஒரே ஆள் பெரியப்பா என்பது பெரிய காரணம். பார்த்தது மட்டுமா? இளவட்ட வயதில், பினாங்குத் திடலில் நடந்த கூட்டத்தில், மேடையை விட்டு இறங்கிய தலைவர் நேராக வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். “என்னா பிடிங்கிறீங்க! முழங்கை வரைக்கும் வலிச்சிச்சு” என்பார் பெரியப்பா. சொல்லும்போது வலது கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். அந்தக் கை எங்கள் குடும்பச் சொத்து. நானே அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, ஆசிரியை என்னை எழுப்பி நிறுத்தி வகுப்பையே கைதட்ட வைத்திருக்கிறார். ஃப்ளாட்டில் எந்தத் தகராறு என்றாலும் பெரியப்பா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தலைவர் கை கொடுத்த மனுஷன் இல்லையா?

நம்பாத ஒரே ஆள் பெரியம்மா.

அன்றைக்கு அந்தப் பினாங்குக் கூட்டத்தைக் காட்டப் போகிறார்கள் என்று முதல் நாளே விளம்பரம் வந்துவிட்டது. ஏழு மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். அடுத்த வீட்டு லாரி அண்ணன் தன் வீட்டு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா துவைத்த கைலியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நடுவில் உட்கார்ந்தார்.

நாடகம் ஆரம்பித்தது. திடல் வந்தது.

“இது நம்ம திடல் இல்லையே, கடலக் காணோமே” என்றார் மூன்றாம் மாடி அக்கா.

“கடல் அந்தப் பக்கம் இருக்கும் லா, கேமராவுக்குப் பின்னால” என்றார் பாய். கடல் இல்லாததை எல்லாரும் மன்னித்துவிட்டோம்.

தலைவர் மேடை ஏறினார். கூட்டம் கைதட்டியது. எங்கள் கூடமும் தட்டியது. பிறகு தட்டல் அப்படியே அடங்கிப்போனது. தலைவரின் வலது கையில் விரல் நுனி வரை மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணி போட்டுத் தொங்கவிட்டிருந்தது. ஏதோ வண்டி கவிழ்ந்து அடிபட்டதாம். அடிபட்டும் பினாங்கு மக்களைப் பார்க்க வந்திருக்கிறாராம்.

யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தோம்.

“அலாமாக்!” என்றார் பாய் மெதுவாக. “அண்ணே, கையில கட்டு இருக்கே.”

“அது... நாடகக்காரன் சும்மா...”

“நாடகக்காரன் எதுக்குண்ணே பொய் சொல்றான்? அவனுக்கு அதுல என்னா லாபம்?” என்றார் லாரி அண்ணன். “முழங்கை வரைக்கும் வலிச்சிச்சுன்னீங்க. யாருக்கு, ஒங்களுக்கா, அவருக்கா?”

கூடமே வெடித்துச் சிரித்தது. மூன்றாம் மாடி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் வடைத் தட்டோடு பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

“என்ன இளிப்பு? அவரு குடுத்தது பீச்சாங்கை.”

சிரிப்பு நின்றது.

“பீச்சாங்கையா? மரியாதை இல்லாமலா, அக்கா?” என்றார் பாய்.

“அதுக்குத்தான் இந்த மனுஷன் இத்தன வருஷமா மாத்திச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. தலைவரு பீச்சாங்கைய நீட்டினாருன்னு சொன்னா நீங்கல்லாம் என்னா பேசுவீங்க? அவரு பேரு கெட்டுடக் கூடாதுன்னு சோத்தாங்கைன்னு சொன்னாரு. அந்தப் பெரிய மனுஷன், ‘கையில கட்டு, தப்பா எடுத்துக்காதீங்க தம்பி’ன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தாரு. பக்கத்துல நின்னவ சொல்றேன்.”

 பாய் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “அடேயப்பா! இவ்ளோ நாளா மனசுக்குள்ள வச்சிருந்தீங்களா அண்ணே? தலைவருக்காக?” என்றார். லாரி அண்ணன் எழுந்தே வந்துவிட்டார். “அந்தக் கையக் குடுங்கண்ணே, ஒருதரம் பிடிச்சிக்கிறேன்.”

பெரியப்பா ஒரு கணம் எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் விழித்தார். பிறகு இடது கையை, வெட்கத்தோடு, ஏதோ நகையை எடுத்துக் காட்டுவது போல நீட்டினார். வரிசை கட்டி எல்லாரும் பிடித்துக் குலுக்கினார்கள். டிவியில் தலைவர் பேசிய பேச்சை ஒருவரும் கேட்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, தலைவராக நடித்தவரின் பேட்டியைப் பார்த்தேன். படப்பிடிப்பு நடந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாராம்; வேறு வழியில்லாமல் கதையிலேயே ஒரு விபத்தைச் சேர்த்துவிட்டார்களாம். அப்படியானால் வலது கைதானா? தலைவர் உண்மையிலேயே குலுக்கினாரா? அதைக் கேட்கப் பெரியப்பா இல்லை. இருந்திருந்தாலும் இடது கையைத்தான் காட்டியிருப்பார். அன்றிலிருந்து அவருக்கே அது இடது கை ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கோ எனக்குப் பத்து வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. அந்தக் கூட்டம் நடந்த வருஷம் பெரியம்மா கடலுக்கு அக்கரையில், நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பினாங்குத் தீவுக்கு வந்த அன்றுதான் முதன்முதலாக ஃபெரி ஏறினேன் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு எப்படிப் பக்கத்தில் நின்றிருப்பாள்? தினமும் வாய் வலிக்கக் கேலி செய்தவள் இன்று ஏன் இப்படிப் பொய் சொல்கிறாள்? ஒன்றும் புரியவில்லை. கூட்டல் கழித்தலில் வராத எதுவும் அப்போது எனக்குப் புரியாது.

“பெரியம்மா, நீங்கதான் அப்ப சின்னப் புள்ள...” என்று வாயைத் திறந்தேன்.

திறந்த வாயில், சூடு ஆறாத ஒரு முழு வடையைத் திணித்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டு மனுஷருக்கு என்பது அவள் வழக்கம். அன்று வந்தவர்களையெல்லாம் தாண்டிக்கொண்டு நேராகப் போய், தட்டைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.