மீன் பிடிக்கத் தெரியாது என்று சொன்ன நாள்

சமையற்காரர் என்னை மீன் பிடிக்கக் கூப்பிட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, பயம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியல் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்து ஒன்பது மாதமாகியும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. சமையற்காரர் ஐம்பது வயதுக் கியூபெக்காரர். அதுவரை அவர் என்னோடு பேசியதெல்லாம் "கெதியா, கெதியா" என்று விரட்டியது மட்டும்தான். அப்படிப்பட்டவர் திடீரென்று, "ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வாறியா? படகு இருக்கு" என்றார்.

அறையில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்து அண்ணையிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"தம்பி, வெள்ளைக்காரன் சும்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போவானே? இமிகிரேசன்ரை ஆள் போல கிடக்கு. உன்ரை வாயைக் கிளறப் போறான்."

"மாட்டன் எண்டு சொல்லட்டா?"

"அதுவும் சந்தேகம் வரும். போ. ஆனா மட்டக்களப்பு எண்டோ, மீன் பிடிக்கிற ஆக்கள் எண்டோ சொல்லிப்போடாதை. படகு ஓட்டத் தெரிஞ்சவன் எண்டா, இயக்கத்துக்கு ஆயுதம் ஏத்தி ஓட்டினவன் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

பஸ் மாறி மாறி நகரின் ஓரத்திலிருந்த ரொக்ஸ்பரோ போனேன். அங்கே காரோடு நின்றவர் ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கரையில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. நான் அவருடைய கோட்டுப் பையையே பார்த்தேன். உள்ளே ஏதோ சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பேச்சைப் பதிவு செய்யும் பெட்டியாக இருக்கலாம்.

படகு கரையை விட்டு விலகியதும், எங்கள் இருவருடைய அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி தொடங்கியது.

"உன்ரை ஊர் கடலோரமா?"

"இல்லை. காட்டுப் பக்கம்."

"மீன் பிடிச்சிருக்கிறியா?"

"ஒருநாளும் இல்லை."

அவர் பைக்குள் கைவிட்டார். வெளியே வந்தது தூண்டில் முட்கள் வைத்த தகரப்பெட்டி. மண்புழுவை எப்படிக் கோப்பது என்று பொறுமையாகக் காட்டினார். பத்து வயதிலிருந்து அப்பாவோடு மட்டக்களப்பு வாவியில் தோணி தள்ளியவன் நான். வேண்டுமென்றே இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

அங்கே பிடிபடுவது பாஸ் மீன். பிரெஞ்சில் அஷிகன். குளிருக்கு முன்னர் வயிறு நிறையத் தின்னும், இப்போதுதான் நன்றாகக் கடிக்கும் என்றார். ஒரு மணிநேரம் ஒன்றுமில்லை. பிறகு என் தூண்டில் தடி வளைந்தது. மீன் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. எங்கள் வாவியில் கொடுவாவும் இதைத்தான் செய்யும். நான் யோசிக்கவில்லை. தடியைக் காலடியில் போட்டுவிட்டு நூலைக் கையில் பிடித்தேன். எகிறும்போது தளர்த்தி, அமிழும்போது இழுத்து, கைமாற்றிக் கைமாற்றிப் படகருகே கொண்டுவந்து, செவுளில் விரல் கொடுத்து உள்ளே தூக்கிப் போட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் மீனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஒரு கேள்வியும் இல்லை. மீனை என்னிடமே தந்து பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். திங்கட்கிழமை சமையலறையில் முகம் கொடுக்கவில்லை. செவ்வாயும் அப்படித்தான். என்னைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டார், இனி மறைத்து என்ன என்று நினைத்தேன். புதன்கிழமை, பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"நான் பொய் சொன்னனான். எங்கட அப்பா மீன் பிடிக்கிறவர். உங்களை இமிகிரேசன் ஆள் எண்டு பயந்திட்டன்."

அவர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உன்னை முதலாளியின்ரை ஆள் எண்டு நினைச்சன். மீன் பிடிக்கத் தெரிஞ்சவன் ஏன் தெரியாது எண்டு சொல்லவேணும்? நான் இறைச்சித் துண்டுகள் வீட்டுக்குக் கொண்டுபோறது தெரிஞ்சு, வேவு பார்க்க உன்னை விட்டிருக்கிறான் எண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"என்ரை தம்பி வேலைக்கு மேற்கை போயிட்டான். படகிலை எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும். இஞ்சை வாய் திறக்காத ஆள் நீ ஒருத்தன்தான்."

ஏரி உறைவதற்குள் இன்னும் மூன்று ஞாயிறு போனோம். இறைச்சியைப் பற்றி அவரோ வழக்கைப் பற்றி நானோ ஒரு சொல் பேசவில்லை. தடியை எனக்குத் தருவதை அவர் விட்டுவிட்டார். நூலை மட்டும் தந்தார்.