ஒரு பல் முன்னுக்கு

தரம் ஒன்று பிள்ளைகளின் களிமண் டப்பாவிலிருந்து பச்சை உருண்டையை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். என் மகனின் பைக் இஞ்சினைச் சோதிப்பதற்கு என்று அதிபரிடம் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டில ஒண்ணு செஞ்சு பாக்கணும் சேர்" என்றேன். அது பொய்யில்லை.

இதை எழுதும்போதும் இடது மணிக்கட்டு வலிக்கிறது. போன மாதம் விழுந்த வலி. எங்கள் வீடு றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டி இருக்கிறது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கீழே வேறொரு தோட்டத்தில். காலையில் முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது பள்ளி மணி அடித்த பிறகுதான். ஆகவே கஹவத்தைக்கு வேலைக்குப் போகும் மகன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் இறக்கிவிடுவான்.

அன்று லேசான தூறல். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்று அவன் கியரைக் குறைத்தான். இஞ்சின் கத்தியது. வளைவில் திரும்பும்போது என் காலுக்குக் கீழே "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. பைக் ஈர ரோட்டில் இழுபட்டுப்போய் மலைப் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் எங்களைக் கொட்டியது. மற்றப் பக்கம் சரிந்திருந்தால் கீழே ஓடை வரைக்கும் தேயிலைச் சரிவு. எதிரே ஏறி வந்த பஸ் எங்களுக்கு நாலைந்து அடி தள்ளி நின்றது. அதன் முன் டயருக்குப் பக்கத்தில் என் சாப்பாட்டுப் பெட்டி மூடி திறக்காமல் கிடந்தது. "அனே மிஸ், அனே மிஸ்" என்று சிங்களத்தில் பதறிக்கொண்டு கொண்டக்டர் ஓடி வந்தார். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தை மகன் பிறகு சொன்னான். மலை ஏற்றத்தில் நன்றாக இழுக்கட்டும் என்று யாரோ பைக் பந்தயத்துக்குப் பாவித்த, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். இஞ்சினின் தலைப்பகுதியையும் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவியிருந்தான். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் கீழே இறங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்று வரும்போது மற்றது விலக வேண்டும். அந்த நேரத்தை வைப்பது கேமும், அதைச் சுழற்றும் டைமிங் செயினும்தான். இவன் போட்ட கேம் வால்வை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கியது. சீவியதால் இடமும் குறைந்திருந்தது. ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. வால்வு உடைந்து உள்ளே சிக்க, இஞ்சினும் அதோடு பின்சக்கரமும் இறுகிவிட்டன.

"பழைய கேமையே போட்டுரு" என்றேன்.

"அத ஒரு பொடியனுக்குக் குடுத்துட்டேம்மா."

"அப்ப பைக்கே வேணாம்."

பைக் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து இரும்புத் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இஞ்சினே துண்டு துண்டா கெடக்கு. சாவிய ஒளிச்சு என்ன செய்யப் போறீங்க? அரிசி வேகுமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்கப் படுத்தால் "டக்" என்று கேட்கும். அவன் திருத்தாமல் விடப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதே ரோட்டில், அதே கேமுடன், நான் இல்லாத நாட்களிலும் அவன் போகப்போகிறான். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு முறை அது முட்டாது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

களிமண் யோசனையைச் சொன்னவர் கஹவத்தை டவுனில் பைக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். நாங்கள் நானா என்போம். புது பிஸ்டனும் வால்வும் அவரிடம்தான் வாங்கினோம்.

"பிஸ்டன் தலையில களி அப்பி, மேல மூடி, கையால மெதுவா ரெண்டு சுத்து சுத்துங்க. தொறந்து பாத்தா வால்வு எவ்வளவு கிட்ட வந்திச்சுண்டு களியே சொல்லும். மெல்லிசான எடத்திலயும் ரெண்டு மில்லிமீட்டர் ஈக்கணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்கட கிளாஸ்ல களி ஈக்குமே டீச்சர்? கோதும மாவ மட்டும் வெச்சிராதீங்க, ரொட்டியாப் போயிரும்."

பௌர்ணமிக்கு வரும் போயா லீவு நாள் காலையில் மகன் வேலையைத் தொடங்கினான். கேமுடன் வந்த பல்சக்கரத்தில் குறி தேய்ந்துபோயிருந்தது. எந்தப் பல்லில் செயினை மாட்டுவது என்று தெரியாமல் ஒரு குத்துமதிப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு நானாவுக்குப் போன் போட்டான். கை முழுக்க எண்ணெய். போனை ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்திருந்தேன்.

"பிஸ்டன் உச்சியில நிக்கிது நானா. பொகய வெளிய விடுற வால்வு இன்னும் நல்லா தொறந்தே கெடக்கு. பெற்றோல உள்ள விடுற மத்தது அசையவே இல்ல."

"அப்ப கேம் பிந்தி நிக்கிது தம்பி. ஒரு பல் முன்னுக்கு எடுங்க. செரியா வரும்."

ஒரு பல் முன்னுக்கு எடுத்தான். பச்சைக் களிமண்ணைப் பிசைந்து நான்தான் கொடுத்தேன். அதில் ஏதோ ஒரு பிள்ளையின் நகக்கீறல் இருந்தது. பிஸ்டனின் தலையில் அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, மூடி, முறுக்கி, ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினான். ஓரிடத்தில் அவன் கை தயங்கியது.

"என்னடா?"

"களி அமுங்குதும்மா. ஒண்ணுமில்ல."

திறந்து பார்த்தோம். களிமண்ணில் வால்வுகளின் தடம் இரண்டு பிறைகளாகப் பதிந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்துப் பிறையைப் பிளேடால் வெட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். வெங்காயத் தோல் மாதிரி வெளிச்சம் ஊடுருவியது. அளப்பதற்கு எடுத்து வைத்திருந்த அடிமட்டத்தை நான் கையில் எடுக்கவே இல்லை.

கையால் சுற்றியதற்கே இப்படி. களிமண் வைக்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால்? அதே வளைவு கண் முன்னால் வந்தது. அவன் நானாவுக்கு மறுபடி போன் போட்டான்.

"முன்னுக்குத்தான் எடுத்தேன் நானா. இன்னும் மோசமாப் போச்சு."

"எத முன்னுக்கு எடுத்தீங்க?"

"செயின."

"அட அல்லாவே! செயின ஏன் வாப்பா எடுத்தீங்க? நான் சொன்னது பல்சக்கரத்த. சக்கரத்த முன்னுக்கு!"

"ரெண்டும் முன்னுக்குத்தானே?" என்று மகன் என்னைப் பார்த்தான். அந்தக் கலக்கத்திலும் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் கொண்டுபோகும்போது தினமும் பார்ப்பதுதான். வரிசை ஒரு அடி முன்னே போய், ஒரு பிள்ளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால், அது பிந்திவிட்டது என்றுதான் அர்த்தம். செயினை முன்னுக்கு எடுத்ததால் பல்சக்கரம் ஒரு பல் பின்னுக்குப் போயிருந்தது. ஏற்கெனவே பிந்தியிருந்தது இன்னும் பிந்திவிட்டது.

"அப்ப ரெண்டு பல்லு வரணும்" என்றான். "பின்னுக்குப் போனதுக்கு ஒண்ணு, நானா சொன்னதுக்கு ஒண்ணு."

"ஹரி ஹரி, அதேதான்" என்று சிங்களத்தில் 'சரி' போட்டார் நானா. "டீச்சர்ட மகனாச்சே. கணக்கு லேட்டா வந்தாலும் வந்திரும்."

அவன் பல்சக்கரத்தை இரண்டு பல் முன்னுக்கு எடுத்து மாட்டினான். நான் களிமண்ணைத் திரும்பப் பிசைந்தேன். அவன் அப்பி, மூடி, முறுக்கிச் சுற்றினான். கை எங்கேயும் தயங்கவில்லை. திறந்து, வெட்டி, என்னிடமே நீட்டினான். "நீங்களே அளங்க. பொறகு நான் பொய் சொல்றேன்னு சொல்லுவீங்க."

மெல்லிசான இடத்தில் அடிமட்டத்தை வைத்தேன். இரண்டைத் தாண்டி, மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மற்றப் பக்கமும் கிட்டத்தட்ட அப்படியே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். மாறவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பச்சையாக, கெட்டியாக இருந்தது. ஊடுருவவில்லை. உள்ளே போய் அரிசி டின்னிலிருந்து சாவியை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைச் சேலையில் துடைத்து அவனிடம் கொடுத்தேன்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவன் தோட்டத்து ரோட்டிலேயே தனியாக ஓட்டிப் பார்த்தான். பிறகு ஒரு காலை அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். முதுகை இறுக்கிப் பிடித்திருந்ததால் வழியில் ஒன்றையும் பார்க்கவில்லை. வளைவுக்கு முன்னால் அவனாகவே பைக்கை நிறுத்தினான்.

"எறங்கி நடக்குறீங்களா?"

நான் கேட்கவே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டானோ! இறங்கினேன். அவன் மெதுவாக வளைவில் திரும்பி மறைந்தான். நான் ஓரமாக நடந்தேன். தாரில் எங்கள் பைக் கீறிய கோடு இன்னும் இருந்தது. கொழுந்துக் கூடையோடு எதிரில் வந்த ஒரு பெண் "என்ன டீச்சர், பைக்கு இழுக்கலையா?" என்று கேட்டாள். "இழுக்குது, இழுக்குது" என்றேன். காது முழுக்க வளைவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. அங்கே இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டு நின்றது. நான் போய்ச் சேரும் வரைக்கும் அந்தச் சத்தம் மாறவே இல்லை.

அன்று மாலை பைக்கில் வீடு திரும்பும்போது அவனிடம் அன்றைய வகுப்புக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். களிமண் டப்பாவைத் திறந்ததும் ஒரு பிள்ளை "பச்சை எங்க டீச்சர்?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கிளி செய்ய வேண்டுமாம். எண்ணெய் ஊறிய பச்சையை எப்படித் திரும்பக் கொண்டுபோவது? கடைசியில் சிவப்புக் களிமண்ணில் கிளி செய்து, மூக்கை மட்டும் மஞ்சளில் வைத்தாள்.

"செவப்புக் கிளியா? அது என்ன கிளிம்மா?" என்று சிரித்தான்.

"நாளைக்குப் புதுப் பச்சை ஒண்ணு வாங்கிக் குடுத்துரு. ஒன்னாலதான்..." என்று சொல்லிக்கொண்டே தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். வளைவு எங்களுக்குப் பின்னால், கீழே இருந்தது. அவன் நிறுத்தவில்லை. நானும் கவனிக்கவில்லை.