தூங்குமூஞ்சியின் வம்சம்

லாபு எஸ்டேட்டில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இமைகள் பாதிக் கண்ணை மூடியே கிடக்கும். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையில் நின்றால், வேலை வாங்கும் மண்டோர் என் முகத்துக்கு நேரே கைதட்டி, "முழிச்சுக்கடா!" என்பார். செம்பனைக் குலை வெட்டினால் நாலு மரம் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். சோம்பேறி என்ற பட்டமும் இலவசமாகச் சேர்ந்தது.

இமையைக் காட்டப் போன கண் டாக்டர்தான் என்னை நீலாயில் ஒரு பேராசிரியையிடம் அனுப்பினார். மைட்டோகாண்ட்ரியாவும் அது கெட்டால் மனிதருக்கு வரும் நோய்களும்தான் அவருடைய ஆராய்ச்சி. என் ரத்தத்தையும் தொடைச் சதையில் ஒரு துணுக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, பல வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி அடுப்பு இருக்கு. உங்களுக்கு அது சரியா எரியல. இது சோம்பேறித்தனம் இல்ல, நோய்."

மண்டோர் உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மாளை அவர் வீட்டுக்கே கூட்டிப்போய் இதைச் சொல்லவைத்திருப்பேன். ஆனால் எனக்கு வேறு பயம். படி ஏறினால் கால் வலிக்கிறது என்று என் மகள் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"எம் பொண்ணுக்கு வருமா டாக்டர்?"

"இது அம்மாகிட்டேருந்துதான் பிள்ளைக்குப் போகும். அப்பா குடுக்க முடியாது. ஆனா உங்க மனைவி..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டேருந்து பிள்ளைக்கு ஒன்னும் போகாது லா! எல்லாம் அம்மா வழியாம். எங்கம்மா குடுத்தது என்னோட முடிஞ்சிச்சு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"உங்கம்மா உங்களுக்கு மட்டுமா குடுத்தாங்க? எங்கம்மாவுக்கும்தானே மாமா?"

அவளுடைய அம்மா என் சொந்த அக்கா. அக்கா மகள் எனக்குத்தான் என்று மல்லுக்கட்டித் தாலி கட்டியவன் நான். அம்மாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து இவளுக்கு, இவளிடமிருந்து மகளுக்கு. அப்பனாகக் கொடுக்க முடியாததைத் தாய்மாமன் உரிமையில் நானே வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மூவரும் நீலாய்க்குப் போனோம். மகள்தான் முதலில் கையை நீட்டினாள்.

"எடுங்க டாக்டர். இருந்திச்சுன்னா, ஸ்கூலுக்கு லேட்டா போக எனக்கும் ஒரு காரணம் ஆச்சு லா."

பேராசிரியை சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் இடது இமை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.